பெட்டியில் வைக்க முடியாத விதை

புதுச்சேரிக்குப் போய்வருகிறவர்கள் அங்கிருந்து என்னென்னவோ வாங்கி வருவார்கள். ஆசிரமத்து ஊதுபத்தி, கையால் செய்த காகிதம், வில்லியனூர் சுடுமண் பொம்மை என்று ஒரு பட்டியலே உண்டு. இந்தத் தடவை நான் கொண்டுவந்தது ஈரத்துணியில் சுற்றிய ஒரு கைப்பிடி விதை. "இதுக்கா இவ்வளவு தூரம் போனே?" என்று வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்த விதைகளைப் பற்றி நான் அங்கே தெரிந்துகொண்ட ஒரு சமாசாரத்தை உங்களோடு பகிர்ந்துகொண்டே ஆகவேண்டும். ஏனென்றால் விதை காப்பதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் யாரும் இல்லை என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

ஊர்ப் பூவும் ஊர் மரமும்

புதுச்சேரி அரசு தன் மாநில மலராக நாகலிங்கப் பூவை வைத்திருக்கிறது. மாநில மரமாக வில்வத்தை வைத்திருக்கிறது. இரண்டுமே சிவன் கோயில்களில் பார்க்கிறவை. ஆனால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. வில்வம் நம் மண்ணின் மரம். நாகலிங்கமோ தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. பூவுக்குள்ளே லிங்கமும் அதற்குமேல் நாகம் படமெடுத்தாற்போன்ற குடையும் இருப்பதைப் பார்த்து நம் முன்னோர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதுவும் நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது.

இப்படி வந்த மரங்கள் இந்த ஊரில் நிறைய. பிரெஞ்சுக்காரர்கள் 1826-ல் இங்கே ஒரு தாவரவியல் பூங்காவைத் தொடங்கினார்கள். இன்றும் அது இருக்கிறது. குழந்தைகளோடு போனால் ஒரு மாலைப் பொழுது போவதே தெரியாது. வெளிநாட்டு மரஞ்செடிகளைக் கொண்டுவந்து வைத்து, இந்த வெயிலுக்கும் மண்ணுக்கும் எது தாங்கும் என்று அங்கே பழக்கிப் பார்த்தார்கள். தெருவோரம் சிவப்பாய்ப் பூத்துக் கொட்டுகிற மயிற்கொன்றை மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. சாயங்காலமானால் இலையை மடித்துக்கொள்ளும் தூங்குமூஞ்சி மரம் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது.

வந்ததில் தப்பு ஒன்றுமில்லை. நம் குழம்பில் போடுகிற மிளகாயும் ரசத்துக்குக் கரைக்கிற தக்காளியும்கூட அப்படி வந்தவைதானே! ஆனால் அந்தப் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. இவையெல்லாம் வருவதற்கு முன்னால் இந்தக் கடற்கரையில் என்ன மரங்கள் இருந்தன? அவை இப்போது எங்கே போயின?

ஐயனார் காவல் காக்கும் காடு

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் மறுநாள் காலையில் புத்துப்பட்டுக்குப் போனேன். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஊர் வந்துவிடும். மொத்தம் பதினைந்து கிலோமீட்டர் இருக்கலாம். இது தமிழ்நாட்டு எல்லைக்குள், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. இங்கே மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில் பிரசித்தம். சுற்று வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு இவர்தான் குலதெய்வம். மொட்டை போடவும் காது குத்தவும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

கோயிலைச் சுற்றி ஒரு காடு. காடு என்றதும் வானளாவிய மரங்களைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். இங்கே மரங்கள் அவ்வளவு உயரமில்லை. ஆனால் அடர்த்தி! கிளையோடு கிளை பின்னி, நடுவில் கொடிகள் கயிறு கயிறாகத் தொங்கி, உள்ளே கால் வைத்தால் வெயில் சட்டென்று அணைந்துவிட்டாற்போல இருக்கிறது. வெளியே தார் ரோடு கொதிக்கிறது. பத்தடி உள்ளே வந்தால் மண்பானைத் தண்ணீரைத் தொட்டதுபோல் ஒரு குளிர்ச்சி.

இதைத் தாவர இயலார் 'வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு' என்கிறார்கள். பெயர்தான் நீளம், விஷயம் சுலபம். இந்தக் கரையோரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வானம் பார்த்த பூமி. அப்படியிருந்தும் இந்த மரங்கள் கோடையில் மொத்தமாக இலை உதிர்த்து மொட்டையாக நிற்பதில்லை. தடித்த, பளபளப்பான சின்னச் சின்ன இலைகளால் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவு செய்கின்றன. மாதக் கடைசியிலும் வீட்டை நடத்திவிடுகிற குடும்பப் பெண்ணைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

ஆந்திரக் கரையிலிருந்து ராமநாதபுரம் வரை கடலையொட்டி ஒரு பட்டையாக இந்தக் காடு இருந்தது. இன்றைக்கு மிஞ்சியிருப்பதெல்லாம் துண்டுதுண்டாகத்தான். அந்தத் துண்டுகளில் பல, இப்படிக் கோயிலை ஒட்டியவை. 'ஐயனார் காட்டில் கிளை ஒடிக்கக்கூடாது' என்று பாட்டிமார் சொல்லிவைத்த பயம்தான் வேலியாக நின்றிருக்கிறது. சட்டமும் கம்பிவேலியும் செய்யாததைச் சாமி பயம் செய்தது. புதுவைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இந்தக் காட்டை மரம் மரமாக எண்ணி ஆராய்ந்திருக்கிறார்கள்.

கோயில் வாசலில் பூ விற்கிற அம்மாள்தான் எனக்குக் காயா மரத்தைக் காட்டினார். சிலர் காசா என்றும் சொல்வார்கள். இந்தக் காட்டில் அதுதான் ஜாஸ்தி. பெருமாளைக் 'காயாம்பூ வண்ணன்' என்கிறோமே, அந்தக் காயா! எத்தனை தடவை வாயால் சொல்லியிருப்போம். மரத்தைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பூக்கும்போது கிளையெல்லாம் நீலப் பூச்செண்டு ஒட்டவைத்தாற்போல இருக்குமாம்.

"பூத்தா பார்க்கணும்மா நீங்க. காடே மேகம் எறங்குன மாதிரி இருக்கும்" என்றார் அந்த அம்மாள்.

காயா மட்டுமல்ல. கருங்காலி, வீரை, உலக்கைப் பாலை, காட்டு எலுமிச்சை, நாவல், மகிழம், வேலிக்கு அந்தப் பக்கம் கடலோரத்துக்குப் புன்னை என்று இந்தக் கரையின் சொந்தப் பிள்ளைகள் நிறையப் பேர். பெயர்கள் நம் ஊர்ப் பெயர்களிலும் கோயில் தலவிருட்சங்களிலும் இருக்கின்றன. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலின் தலவிருட்சம் புன்னைதான். மரங்கள்தாம் தெருவில் இல்லை.

குதிரில் வைத்தால் செத்துப்போகும்

சரி, விதையை எடுத்து முளைக்க வைத்தால் ஆயிற்று என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இங்கேதான் நான் சொல்ல வந்த சமாசாரம் இருக்கிறது.

விதை காப்பது என்றால் நமக்குத் தெரிந்த முறை என்ன? நெல்லை வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குதிரில் கொட்டுவோம். பூசணி, சுரை, அவரை விதைகளைச் சாம்பலில் புரட்டி உலர்த்தி, சட்டியில் போட்டு அடுப்பங்கரை மேலே கட்டித் தொங்கவிடுவார்கள் அந்தக் காலத்தில். காய்ந்தால்தான் பூச்சி பிடிக்காது. அடுத்த ஆடிக்கு எடுத்து விதைத்தால் ஜம்மென்று முளைக்கும். காய்ந்த விதை செத்ததில்லை, அது தூங்குகிறது.

இதே கைப்பக்குவத்தைப் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள் நார்வே நாட்டில். வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்டு என்ற தீவுக்கூட்டத்தில், மலையைக் குடைந்து 2008-ல் ஒரு விதைக் கிடங்கு திறந்தார்கள். உலகத்துப் பயிர்களின் விதைகளை உலர்த்தி, உறையிட்டு, பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி குளிரில் வைத்திருக்கிறார்கள். நம் பாட்டியின் குதிர்தான், கொஞ்சம் பெரிய குதிர்!

ஆனால் நாவல் கொட்டையை அங்கே கொண்டுபோய் வைக்க முடியாது. ஏன் தெரியுமா? நாவல் போன்ற சில மரங்களின் விதை காய்ந்தால் தூங்குவதில்லை, செத்துப்போகிறது. உள்ளே ஈரம் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். அந்த ஈரத்தோடு குளிரில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் உறைந்து, விதையின் உயிரணுக்களைக் கிழித்துவிடுகிறது. காயவும் வைக்க முடியாது, குளிரவும் வைக்க முடியாது. நாவல் கொட்டைக்கு இரண்டு வாரம் போனாலே முளைக்கும் சக்தி வெகுவாகக் குறைந்துவிடும். வேப்பங்கொட்டையும் நீண்ட நாள் தாங்காது. புன்னை, வில்வம் இவற்றையும் புதிதாக இருக்கும்போதே போட்டால்தான் நல்ல பலன்.

இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நெல்லில் ஒரு ரகம் வயலிலிருந்து மறைந்தாலும், யாராவது ஒருவர் கிடங்கில் ஒரு பிடி வைத்திருந்தால் பிழைக்கவைத்துவிடலாம். இந்த மரங்களுக்கு அந்த வசதி இல்லை. தாய்மரம் நிற்கும்வரைதான் விதை. தாய்மரம் போனால் பெட்டியைத் திறந்து எடுக்க ஒன்றும் இருக்காது. இந்தக் கரையின் மரங்களுக்கு விதைக் கிடங்கு எது என்றால், ஐயனார் கோயில் காடும், அந்த விதையை உடனே கையில் வாங்கி மண்ணில் வைக்கிற மனிதர்களும்தான்.

நாற்றங்காலில் ஒரு பள்ளிக்கூடம்

அப்படிப்பட்ட மனிதர்களைப் பார்க்க ஆரோவில் பக்கம் போனேன். ஆரோவில் என்றால் பொன்னிறக் கோளமாக மின்னும் மாத்ரிமந்திர்தான் நம் நினைவுக்கு வரும். 1968 பிப்ரவரி 28-ந் தேதி அந்த நகரத்தைத் தொடங்கியபோது, 124 நாடுகளின் இளைஞர்கள் தங்கள் மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் இட்டார்கள். அன்றைக்கு அந்த மேட்டு நிலம் இருந்த நிலை வேறு. ஒரு பழைய ஆலமரம். அதைச் சுற்றி மழை அரித்துப்போன செம்மண் பொட்டல். மழை பெய்தால் மேல்மண் கரைந்து ஓடிக் கடலே சிவந்துபோகுமாம்.

முதலில் வந்து குடியேறியவர்கள் செய்த காரியம் வரப்புப் போட்டு மழைநீரை நிறுத்தியதும், கன்று நட்டதும்தான். நிழலுக்காக, சீக்கிரம் வளரக்கூடிய அகேசியா போன்ற மரங்களை ஆரம்பத்தில் நட்டார்கள். அது ஆஸ்திரேலியாப் பக்கத்து மரம். அதன் நிழலில், கோயில் காடுகளிலிருந்து விதை கொண்டுவந்து முளைக்கவைத்த சொந்த மரங்களைப் பிறகு வளர்த்தார்கள். பிச்சாண்டிக்குளம் என்ற இடத்தில் 1970-களிலிருந்து வளர்ந்துவரும் காடு அப்படிப்பட்டது. சென்னையில் அடையாறு முகத்துவாரத்தில் தொல்காப்பியப் பூங்கா என்று இருக்கிறதே, குப்பைமேடாகக் கிடந்த அந்த இடத்தைச் சீரமைத்து இந்தக் கரையோர மரங்களை நட்டதிலும் இவர்களின் பங்கு உண்டு.

சொந்த மரத்தின் அருமை ஒரு ராத்திரியில் தெரிந்தது. 2011 டிசம்பர் 30-ந் தேதி விடியற்காலையில் 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. அந்த வட்டாரத்தில் மரம் விழாத தெரு இல்லை. சீக்கிரம் வளர்ந்த அகேசியா மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. நிதானமாக வேர் இறக்கி, உயரத்துக்கு ஆசைப்படாமல் வளர்ந்த சொந்த மரங்கள் அதைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. ஆயிரக்கணக்கான வருஷமாக இந்தக் கரையின் புயலைப் பார்த்துப் பழகிய ஜாதியல்லவா! 2024 நவம்பர் கடைசியில் 'ஃபெஞ்சல்' புயலின்போது ஒரே நாளில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இனி வருகிற காலத்தில் நம் வாசலில் எந்த மரம் நிற்கவேண்டும் என்பது வெறும் அழகு விஷயமாக இருக்காது.

அங்கே ஒரு நாற்றங்காலில் வேலை செய்கிற பெண்கள் பலரும் சுற்றுக் கிராமத்தவர்கள். அவர்களில் ஒருவரிடம்தான் பாடம் கேட்டேன். வயது ஐம்பது இருக்கும். விரல் நுனியெல்லாம் செம்மண்.

"எல்லா விதையையும் ஒரே மாதிரிதான் போடுவீங்களா?" என்று கேட்டேன்.

"அது எப்படிம்மா? நாலு புள்ள பெத்தா நாலும் ஒரே மாதிரியா இருக்குது?" என்று சிரித்தார். "ஒண்ணுக்குத் தோலை உரிக்கணும். ஒண்ணுக்கு ஓட்டை உடைக்கணும். ஒண்ணை ஊற வெக்கணும். இந்த நாவக் கொட்டை இருக்குதே, இது பச்சப்புள்ள மாதிரி. பொறந்ததும் தூக்கிக்கணும். அப்புறம் பார்த்துக்கலாம்னு மூலையில போட்டா, அவ்வளவுதான்."

'அப்புறம் பார்த்துக்கலாம்' என்பதற்கு இடமே இல்லாத வேலை என்று அப்போதுதான் புரிந்தது.

கடலுக்கு அப்பாலும் இதே கதை

இந்தக் கவலை நமக்கு மட்டுமல்ல. பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவில் இருக்கிற ஹவாய்த் தீவுகளிலும் இப்படி ஒரு வறண்ட நிலக் காடு இருந்தது. ஆடு மாடுகள் மேய்ந்ததாலும், வெளியிலிருந்து வந்த புல்லில் தீப்பிடித்ததாலும் அழிந்து, இன்று அதில் பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. அங்கேயும் ஜனங்கள் விதை பொறுக்கி, தொட்டியில் முளைக்கவைத்து, ஒவ்வொரு கன்றாகத் திருப்பி நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் காட்டின் முக்கிய மரங்களில் ஒன்று லாமா. அது யார் தெரியுமா? நம் கருங்காலிக்கு ஒன்றுவிட்ட சகோதரி! இரண்டும் ஒரே பேரினம். லாமா என்றால் அவர்கள் பாஷையில் ஒளி என்று பொருள். நம் நாட்டியக்காரர்கள் சலங்கையைப் பூஜையில் வைப்பதுபோல, ஹூலா நடனம் கற்றவர்கள் லாமாக் கட்டை ஒன்றைத் துணியில் சுற்றி, லாகா என்ற தேவியாகப் பாவித்து மேடையில் வைத்து வணங்கினார்கள்.

இன்னொரு ஆச்சரியம். ஹவாய்க்காரர்கள் 'கமானி' என்று சொல்கிற மரம் நம் புன்னையேதான். 'மிலோ' என்று சொல்வது நம் பூவரசு. புன்னையை அந்தத் தீவுகளுக்குப் பல நூறு வருஷங்களுக்கு முன் கடலோடிகள் தங்கள் ஓடங்களில் கொண்டுபோனார்கள். இந்த இரண்டு மரத்திலும் அவர்கள் சாப்பாட்டுக் கிண்ணம் கடைந்தார்கள். சாப்பாட்டில் மரவாடை ஏறாது என்பதால். நாம் பூவரசு இலையில் கொழுக்கட்டை அவிக்கிறோம், குழந்தைகளுக்குப் பீப்பீ சுருட்டிக் கொடுக்கிறோம். எங்கேயோ இருக்கிற ஒரு தாய் அதே மரத்துக் கிண்ணத்தில் பிள்ளைக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள்!

வீட்டில் முளைக்கவைக்க

இனி காரியத்துக்கு வருவோம். சுலபமான மூன்று விதைகளை மட்டும் சொல்கிறேன். தோட்டம் இல்லாதவர்களும் மொட்டை மாடியிலோ பால்கனியிலோ செய்யலாம்.

முதலில் மண். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சமமாகக் கலந்துகொள்ளுங்கள். நாற்றுப் பை கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் பால் பாக்கெட் போதும். அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட மறக்கவேண்டாம். தண்ணீர் தேங்கினால் விதை அழுகிவிடும்.

நாவல்: ஆனி, ஆடியில் பழம் வரும். குழந்தைகள் நாக்கை ஊதாவாக்கிக்கொண்டு தின்று முடித்ததும் கொட்டைகளைக் கழுவி, அன்றைக்கே அல்லது மறுநாளே ஊன்றிவிடுங்கள். விதை எவ்வளவு பருமனோ அவ்வளவு ஆழம் போதும். இரண்டு வாரத்தில் முளை தெரியும். ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை வந்தால் பயப்படாதீர்கள். நாவலின் சுபாவம் அது. திடமானதை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிடலாம்.

வில்வம்: பங்குனிக்கு மேல் பழுத்து விழும் காயை உடைத்தால், உள்ளே பசைக்கு நடுவில் விதைகள் இருக்கும். சதையைச் சர்பத்துக்கு எடுத்துக்கொண்டு, விதையை ஒரு துணியில் வைத்துத் தேய்த்துப் பசை போகக் கழுவுங்கள். பசை இருந்தால் எறும்பும் பூஞ்சையும் வரும். கழுவிய உடனே ஊன்றினால் இரண்டு மூன்று வாரத்தில் முளைத்துவிடும். கன்றிலேயே முள் வரும்; குழந்தைகள் ஓடுகிற வழியில் பையை வைக்காதீர்கள்.

புன்னை: கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக உருண்டைக் காய். மரத்திலிருந்து பறிக்கவேண்டாம், உதிர்ந்து கிடப்பதில் புதிதாக இருப்பதைப் பொறுக்குங்கள். மேல்தோலை உரித்தால் கெட்டியான ஓடு. அப்படியே போட்டால் முளைக்க ஏறக்குறைய இரண்டு மாதம் பிடிக்கும். ஓட்டை உள்பருப்பு நசுங்காமல் மெதுவாகத் தட்டி உடைத்து எடுத்துவிட்டால் மூன்று வாரத்தில் முளைக்கும். தேங்காயைக் கீறல் விழாமல் உடைத்துக் கொப்பரை எடுக்கிற கைகளுக்கு இது ஒரு வேலையா! பருப்பைப் பாதி மண்ணில் பதிய வைத்து மேலே லேசாக மணலைத் தூவுங்கள்.

இங்கே இளம் தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. புன்னைப் பருப்பிலிருந்து எண்ணெய் எடுத்து விளக்கெரிப்பார்கள். ஆனால் அது தின்பதற்கு ஆகாது, விஷம். காய் உருண்டையாக அழகாக இருப்பதால் சின்னக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும். மரத்தின் பால் கண்ணில் பட்டால் எரிச்சலும் வீக்கமும் வரும். ஓடு உடைக்கிற வேலையைக் குழந்தை தூங்கும்போது செய்யுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மூன்றுக்கும் பொதுவாகச் சில விஷயம். முளைக்கும்வரை நிழலில் வைத்து, பூவாளியால் காலையில் தண்ணீர் தெளியுங்கள். அணிலும் எலியும் விதையைத் தோண்டி எடுக்கும். மேலே ஒரு பழைய சல்லடையையோ கம்பிவலையையோ கவிழ்த்துவிடுங்கள். நாலு இலை விட்டதும் மெல்ல மெல்லக் காலை வெயிலுக்குப் பழக்குங்கள். ஒரு வருஷத்தில் கன்று ஒரு முழமாவது வந்துவிடும். நீண்டநாள் பையிலேயே விட்டால் வேர் உள்ளே சுருண்டுகொள்ளும். அப்படி வளர்ந்த மரம் புயலுக்கு நிற்காது. புரட்டாசிக் கடைசியில், பருவமழை தொடங்கும்போது மண்ணில் நட்டுவிடுங்கள். வானமே தண்ணீர் ஊற்றிக்கொள்ளும். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் வாரம் இரண்டு தடவை நாம் ஊற்றினால் போதும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கோயில் காட்டில் விதை வேண்டுமென்றால் பூசாரியையோ ஊர்ப் பெரியவர்களையோ கேட்டுக்கொண்டு, கீழே கிடப்பதை மட்டும் எடுங்கள். அந்தக் காட்டைக் காப்பாற்றிய கட்டுப்பாட்டை நாமே உடைக்கக்கூடாது. காயா, கருங்காலி போன்றவை வேண்டுமானால் நாற்றங்காலில் கன்றாகவே வாங்கலாம்.

எங்கே நடுவது?

"எங்களுக்கு நிலமே இல்லையே" என்கிறீர்களா? கன்று வளர்க்கப் பால்கனி போதும்; மரம் வளரப் பள்ளிக்கூட மைதானமும் கோயில் நந்தவனமும் குளக்கரையும் இருக்கின்றன. இப்போதெல்லாம் கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு மரக்கன்று கொடுக்கிறார்கள். நல்ல வழக்கம். அதில் நாம் முளைக்கவைத்த வில்வமோ நாவலோ இருந்தால் இன்னும் விசேஷம். புன்னை உப்புக்காற்றைத் தாங்கும். கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். பெரிய மரமாகும், ஆதலால் வீட்டுச் சுவரிலிருந்து பதினைந்தடியாவது தள்ளி வையுங்கள்.

பலன் எப்போது என்று கேட்டால், புன்னை பூக்க ஏழெட்டு வருஷம் ஆகும். இன்று உங்கள் இடுப்பில் இருக்கும் குழந்தை மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது, வெள்ளையும் மஞ்சளுமாக அந்தப் பூ மணக்கும்.

நற்றிணையில் ஒரு பாட்டு உண்டு. சின்னப் பெண்கள் மணலில் விளையாடும்போது ஒரு புன்னை விதையைப் புதைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். அது முளைத்துவிடுகிறது. நெய்யும் பாலும் ஊற்றி அதை வளர்க்கிறார்கள். அவர்களுடைய தாய், இது உங்களைவிடச் சிறந்தது, உங்களுக்குத் தங்கை என்று சொல்லிவைத்திருக்கிறாள். பெண் வளர்ந்த பிறகு, அந்த மரத்தடியில் நின்று காதலனோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறதாம், தங்கை எதிரில் எப்படி என்று!

ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய இந்தக் கரையின் வீடு அது. அந்தப் பெண்கள் புதைத்தது புது விதை, ஈர விதை, அதனால்தான் முளைத்தது. மரத்தைத் தங்கை என்று சொல்லிக்கொடுத்தவள் ஒரு தாய். அந்த இரண்டு காரியமும் இன்றும் நம் கையில்தான் இருக்கின்றன. ஆனி மாதம் நாவல் பழம் வாங்கினால் கொட்டையைக் குப்பையில் போடாதீர்கள். நாளைக்கு என்று தள்ளியும் போடாதீர்கள்.